மாத்துச் சோறு

இந்த வருஷம் எங்கள் விழாவுக்கு வரலாறு கேட்டார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் போட வேண்டுமாம். நாலு வரி போதுமாம். நான் அந்த விழாவை நடத்துகிற கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டித் துடைக்கிறவள். கேன்டீன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹெச்.ஆர். பையன் வந்து நின்றான். திருப்பாச்சூர் பக்கத்துப் பிள்ளை. ஈரத் தரையில் கால் வைக்காமல் ஓரமாக நிற்கத் தெரிந்தவன்.

"ஆன்ட்டி, இந்த ஃபுட் ஃபெஸ்டிவல் மொதமொத உங்க லைன் ஊட்லதான் ஸ்டார்ட் ஆச்சாமே. யாரு ஆரம்பிச்சு வெச்சாங்க?"

"எமன்" என்றேன்.

சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுங்க ஆன்ட்டி" என்று போனை எடுத்து வைத்துக்கொண்டான். நான் சொன்னேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன், கொஞ்சம் கூடுதலாக.

எனக்கு அந்த விழாவால் ஆக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை, பானைகளின் மூடியைத் திறப்பதற்கு முன்னால், என் வீட்டுக்காரர் பெயரை யாராவது ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்ள இந்த உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை. அந்த ஒரு கூப்பாட்டை விட்டால் அவர் இருந்தார் என்பதற்கு வேறு எதுவும் கிடையாது.

அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் வேலை பார்த்தார். இரண்டு பேருடைய அப்பன் ஆத்தாளும் கவரைப்பேட்டை பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சேற்றிலிருந்து காலை எடுத்து நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம், இதை முன்னேற்றம் என்றார்கள். மில்லுக்கு எதிரே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே வரிசையாக அறைகள். நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் எட்டாது. முதல் அறையில் மிளகாய் தாளித்தால் கடைசி அறையில் தும்முவார்கள். எங்களுக்கு வலது பக்கம் ஒரு ஒரிசாக்காரர், மில்லில் இவரோடு ஜோடியாக நிற்கிறவர். இடது பக்கம் தடாவிலிருந்து வந்த ஒரு தெலுங்கு அக்கா. அதற்கு அப்பால் பீகார், பெங்கால் என்று யார் யாரோ.

ஒருநாள் பழுக்கக் காய்ந்த கம்பி ரோலருக்குள் போகாமல் நெளிந்துகொண்டு வெளியே பாய்ந்தது. ஒரிசாக்காரர் தள்ளி நின்றார், பிழைத்தார். இவர் கிட்டே நின்றார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசு இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நடந்த கூத்தை மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். ஒரிசாக்காரர் வீட்டிலும் அப்படியொரு வழக்கம் உண்டாம். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரே கூரை, அதனால் ஒரே வீடு என்று முடிவு செய்து தன் அடுப்பை மூட்டாமல் விட்டுவிட்டார். தெலுங்கு அக்கா, சாவு வீட்டு வாசலைத் தாண்டித்தானே என் வாசலுக்கு வருகிறேன், நான் எப்படிப் பற்றவைப்பது என்று விட்டுவிட்டாள். பீகார் புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அடுப்பு மூட்டவில்லையே, இந்த ஊரில் ஏதோ தடை போலிருக்கிறது என்று அவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள். இப்படியே கடைசி அறை வரைக்கும். மொத்த லைனும் சாவு வீடாகிவிட்டது. சோறு கொண்டுவர வேண்டிய பக்கத்து வீடு என்று ஒன்றே இல்லை!

பொழுது சாய்கிற வரைக்கும் எல்லாரும் பட்டினி. எனக்கு ஒரு வாய் டீ கொடுக்கக்கூட ஆள் இல்லை. பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும் தெலுங்கு அக்கா வெளியே வந்து குழாயடியில் நின்று கத்தினாள்.

"இன்னா பேஜாரு இது! பூட்டது ஒரு மனுசன், பட்டினி கெடக்கிறது லைன் மொத்தமுமா? அல்லாரும் அடுப்பு மூட்டுங்கோ. ஆனா அவுங்கவுங்க ஆக்குனதை அவுங்கவுங்க துன்னக்கூடாது. பக்கத்து ஊட்டுக்குக் குடுங்கோ. அவ்ளோதான் சமாச்சாரம்!"

அப்படித்தான் வந்தது அந்தச் சோறு. யாருக்கும் தன் பானை தனக்கில்லை. எனக்கு ஒரிசாக்காரர் வீட்டிலிருந்து பருப்பும் காய்கறியும் போட்டு வேகவைத்த ஒன்று வந்தது. உப்பு போட மறந்திருந்தார்கள், அல்லது என் நாக்கு செத்திருந்தது. நான் ஆக்கிய கஞ்சி யார் வயிற்றுக்குப் போனதோ தெரியாது.

வருஷம் திரும்பியது. தெவசத்துக்கு ஒரு இலை போடலாம், அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். காலையிலேயே பார்க்கிறேன், லைன் முழுக்கப் புகை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. போன வருஷம் போலவே எல்லாரும் பக்கத்து வீட்டுக்காக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் இலையைப் போட்டுப் படைத்தாயிற்று. செத்தவரைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டிய அவருடைய அண்ணன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை வைத்திருக்கிறார். கடையை விட்டு வர முடியவில்லையாம். தம்பி செத்த நாளை விட அவருக்குப் பூரி பெரிசு.

அப்போதுதான் ஒரிசாக்காரர் துவைக்கிற கல்மேல் ஏறி நின்றார். மில் கேட்டைப் பார்த்து, தினமும் என் வீட்டுக்காரரை ஷிப்டுக்கு எழுப்புகிற அதே குரலில், அவர் பெயரைச் சொல்லி, "அண்ணா! சலோ! டைம் ஆச்சு!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் பெயரைச் சொல்லி, "சாப்புட வா அண்ணா" என்றார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அழுத அழுகையைத் தெலுங்கு அக்காதான் பிடித்து நிறுத்தினாள்.

நீயே கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். நான் ஒருநாளும் சொல்லவில்லை, அப்படியும் குறைந்துவிட்டது. அதன் பிறகாவது அந்தச் சாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் போட்டிருக்கலாம். புத்திக்குத் தெரிகிறது, நாக்குக்குத் தெரியவில்லை. ஆபீஸில் பெயர் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுச் சொல்ல வைப்பேன். இதோ, இங்கேகூட எழுதவில்லை பாருங்கள். கையும் என் கைதானே.

இரண்டாவது வருஷம் பக்கத்து லைன் சேர்ந்தது. அதற்கடுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கத்து லைன்கள். அஸ்ஸாம்காரர்கள் மூங்கில் குருத்து கொண்டுவந்தார்கள். பீகார் வீட்டில் மாவு உருண்டையைத் தணலில் சுட்டுக் கத்திரிக்காய் மசியலோடு கொடுத்தார்கள். ஒரிசாக்காரர் பெண்டாட்டி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை ஏதோ பேர் சொல்லிப் பெருமையாக நீட்டினாள். "அடியேய், இது எங்க ஊட்டுப் பழைய சோறு. இதுக்கு ரயில் ஏறி ஒரிசாவுக்குப் போவணுமா?" என்று நான் கேட்டதும் அந்த இடமே சிரித்தது. அதற்கு ஒரு பெயரும் வந்தது, மாத்துச் சோறு. சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், ரெண்டுக்கும் போகாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். யாரும் தன் அடுப்புச் சோற்றைத் தின்னவில்லை. மூடி திறக்கும் முன்னால் ஒரிசாக்காரர் கல்மேல் ஏறிக் கூப்பிடுவார். எல்லாரும் அப்படியே நிற்பார்கள். அப்புறம் தட்டுச் சத்தம் கேட்கும்.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகத்தான் இருந்தது. ரேடியோ செட் வந்தது. ஆட்டம் வந்தது. துக்கம் எத்தனை வருஷத்துக்குத் துக்கமாகவே இருக்கும்? ஒரு வருஷம் அந்த நாளுக்கென்று நான் புதுப் புடவை எடுத்தேன். கடையில் மடிப்பைப் பிரித்துப் பார்க்கும்போதுதான், ஐயோ, இது அவர் செத்த நாளாயிற்றே என்று நினைவு வந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். அவர் பெயர் அங்கே ஒலிக்கிறதல்லவா, அந்தத் தைரியம்.

பிறகு கூட்டம் பெருத்து லைன் வாசலில் இடம் போதாமல் போனது. மில்லை அதற்குள் மூடிவிட்டார்கள். அந்த இடத்தை வாங்கிக் கார் சாமான் செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. நான் இப்போது பெருக்குகிற கம்பெனி அதுதான். முதல் வருஷம் ஷாமியானாவும் தண்ணீர் லாரியும் கொடுத்து உதவினார்கள், கையெடுத்துக் கும்பிட்டோம். அடுத்த வருஷம் தங்கள் மைதானத்தைக் கொடுத்தார்கள். அதற்கடுத்து பேனர். அதில் மாத்துச் சோறு என்ற பெயர் இல்லை, ஏதோ யூனிட்டி என்று இருந்தது. நாளும் லீவு நாள் பார்த்து மாறியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். ஊரில் இந்தப் பழமொழியை ஹிந்திக்காரப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் யாரை விரட்டின? பாவம், வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்டர் அவர்களைத்தான் விரட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒருகட்டத்தில் வீட்டு அடுப்பும் போயிற்று. சுத்தம், பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். இப்போது மெட்ராஸிலிருந்து கேட்டரிங் வருகிறது. மாநிலத்துக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு தொப்பிக்காரன். பீகார் உருண்டையைச் சுடுகிறவன் திண்டிவனத்துக்காரன். யார் யாருக்கு ஆக்கினார்கள் என்ற கேள்வியே இல்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் ஒரிசாக்காரர் இருந்தார். கம்பெனிக்காரர்கள் என்ன செய்தாலும், மூடி திறக்கும் நேரத்துக்கு அவர் பாட்டுக்கு ஒரு நாற்காலியில் ஏறிக் கூப்பிட்டுவிடுவார். அவர் யார், யாரைக் கூப்பிடுகிறார் என்று புதுசாக வந்தவர்களுக்குத் தெரியாது. ஏதோ சடங்கு என்று நினைத்து நிற்பார்கள். போகட்டும், நின்றார்களே. தெலுங்கு அக்கா செத்த வருஷம் இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

அவருக்கும் கண் மங்கிவிட்டது. நெருப்பைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண்ணுக்கு எங்கே வேலை கிடைக்கும்? ஊருக்குக் கிளம்பினார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாபி, நான் போன்ல கூப்புடறேன். நீ மைக்ல வை" என்றார். அண்ணியை அவர் பாபி என்றுதான் சொல்வார். சொன்னபடி செய்தார். நான் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்பேன். கரகரவென்று, ஆனால் தெளிவாக, என் வீட்டுக்காரர் பெயரும் கூடவே அண்ணாவும் வரும். பக்கத்தில் எங்கேயோ மாடு கத்துவதும் கேட்கும்.

இந்த வருஷம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. தமிழில், இங்கிலீஷில், ஹிந்தியில் மூன்றிலும் சொல்கிறாள் அந்தப் பொம்பளை. அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இந்த நேரத்தில்தான் ஹெச்.ஆர். பையன் வரலாறு கேட்டு வந்து நின்றான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். பையனுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. "ஆன்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆக்ஸிடென்ட்னு ஸ்க்ரீன்ல போட முடியாது. நல்ல நாள்ல எதுக்குன்னு மேல கேப்பாங்க."

"அந்த நல்ல நாளே அதாலதான் வந்துது நைனா."

"புரியுது ஆன்ட்டி. வேற இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

"ஒண்ணும் வாணாம். சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி அவரு பேரை ஒருதபா சொல்லணும். அவ்ளோதான்."

அவன் உடனே, "பேரு இன்னா ஆன்ட்டி? ஆங்கர்கிட்ட குடுத்து அனௌன்ஸ் பண்ண வெச்சுடறேன்" என்று போனை நிமிர்த்தினான். என்னிடம் ரேஷன் கார்டு இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். துடைப்பக்கட்டையோடு நிற்கிறவள் இடுப்பில் ரேஷன் கார்டா இருக்கும்? அதோடு எனக்கு ரோஷமும் வந்துவிட்டது. எவனோ ஒரு கூலிக்காரன் பேப்பரைப் பார்த்துப் படிக்க அவர் என்ன லக்கி டிராவா?

"மேடையில நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

"சூப்பர் ஆன்ட்டி. அதான் நல்லாருக்கும். ரெண்டு நிமிஷம் தர்றேன்" என்றான்.

அன்றிலிருந்து பெருக்கும்போதெல்லாம் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். உதட்டை அசைத்துப் பார்த்தேன். யாரும் இல்லாத ஸ்டோர் ரூமில் காற்றாக ஒருமுறை வந்தது. செத்தவருக்கு இனி எந்த ஆயுசு குறையப்போகிறது, சொல்லுடி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வந்துவிடும் என்றுதான் நம்பினேன்.

விழா அன்று மேடை ஏறினேன். கீழே நாற்காலி நாற்காலியாகப் பிள்ளைகள், எல்லாம் எனக்குத் தெரியாத முகம். நான் பார்த்த பழைய ஆட்கள் ஒருவர்கூட இல்லை. அறிவிப்பாளன் மைக்கைக் கையில் கொடுத்தான். நன்றாகத்தான் பேச ஆரம்பித்தேன். "இது எங்க ஊட்டுக்காரரு செத்ததால வந்த சோறு. இதோ, இந்த எடத்துல மில்லு இருந்துது. கம்பி பாஞ்சி செத்தாரு. அன்னிக்கு எங்க லைன்ல யாரும் அவுங்கவுங்க சோத்தைத் துன்னல. மாத்தித் துன்னோம். வருசா வருசம் மூடி தொறக்கறதுக்கு முன்னாடி அவரு பேரைச் சொல்லிக் கூப்புடுவோம். இப்ப நான் கூப்புடறேன்."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. பின்னாலேயே என் அம்மாவின் கை வாயைப் பொத்தியது. பதின்மூன்று வயசில், பரிசம் போட்ட அன்று அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது பொத்திய அதே கை.

"ஏங்க" என்றேன். "சாப்புட வாங்க."

அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டேன். அது மட்டும்தான் வந்தது.

அறிவிப்பாளன் மைக்கை வாங்கிக்கொண்டான். லைன் வீட்டில் வாழ்ந்தவளுக்கு ஹிந்தி தானாகவே வரும், அதனால் அவன் ஹிந்தியில் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது. ஆன்ட்டியின் புருஷன் இந்த இடத்தில் வேலை பார்த்தவராம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். அவருக்காக ஒரு பெரிய கைதட்டு வேண்டுமாம். தட்டினார்கள். விசில் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் செத்ததற்கு மைதானமே கைதட்டியது. எனக்கு ஒரு சால்வையும் ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள். நான் கும்பிட்டேன். மூடிகளைத் திறந்தார்கள்.

கீழே இறங்கி வரிசையோரமாக நின்றேன். எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. ஹெச்.ஆர். பையன் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அடுத்த வருஷம் அவனே இருப்பானோ மாட்டானோ.

தட்டோடு போன ஒரு அஸ்ஸாம் பெண் என்னைப் பார்த்து நின்றாள். இருபது வயசுகூட இருக்காது, அசெம்பிளியில் வேலை செய்கிற பிள்ளை. நான் மேடையில் பேசிய தமிழில் பாதியாவது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கண் நிறைந்திருந்தது. என் கையைத் தொட்டு, "ஆன்ட்டி, அங்கிள் பேர் என்னா?" என்று கேட்டாள்.

கைதட்டிய கூட்டத்தில் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நின்றது. யாரோ நகரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் நகரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மைக் இல்லை, மேடை இல்லை, ஒரே ஒரு பெண்பிள்ளை. அவள் காதில் சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன்.

"சாப்புடு மா" என்றேன். "ஆறிப் போவுது."